கபிலப் பொடிக்கு ஒரு படகு

தாவரங்களின் பெயர்கள் விலங்குகளின் பெயர்களைச் சார்ந்தவை அல்ல. தாவரங்களுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பில் முதல் கோட்பாடாகவே இதை வைத்திருக்கிறார்கள். ஒரு மரத்துக்கும் ஒரு மீனுக்கும் ஒரே அறிவியல் பெயர் இருக்கலாம். மரத்துக்காரர்கள் மீன்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மீன்காரர்களும் கேட்பதில்லை. இரண்டு மரங்களுக்கு ஒரே பெயர் கூடாது, இரண்டு மீன்களுக்குக் கூடாது, அவ்வளவுதான். படிக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்க ஆள் இல்லாததால், கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டிய ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு, ஜவ்வாது மலையில் காய்த்த பழத்தின் பொடியை எந்தப் படகில் பிடித்தோம் என்று எழுதிக் கொடுக்கும்படி ஆயிற்று.

நான் படித்தது தாவரவியல். பார்த்த வேலை தோல். பட்டம் வாங்கிய கையோடு ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் சேர்ந்தவன், ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். ஏற்றுமதிப் படிவத்தில் ‘அறிவியல் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் பகுதியில் அந்தக் கட்டத்துக்குள் வெள்ளாடு, செம்மறியாடு, மாடு, எருமை என்ற நான்கின் லத்தீன் பெயர்களைத் தவிர வேறு எதுவும் போனதில்லை. ராணிப்பேட்டையில் கேட்டாலும் வாணியம்பாடியில் கேட்டாலும் குமாஸ்தாக்கள் அந்த நான்கையும் தூக்கத்தில் சொல்வார்கள். ஐந்தாவது ஒன்று உலகத்தில் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. நானும் முப்பத்து நாலு வருடம் அந்த நான்கையே எழுதி, படித்த தாவரங்களை எல்லாம் மறந்துபோனேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது பெயரைக் கொண்டுவந்தவள் என் தம்பி மனைவி.

எங்களுக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அப்பா விட்டுப்போன வீட்டை இரண்டாகப் பிரித்தபோது எழுப்பியது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை நான்தான் எழுதினேன். அங்குலம் பிசகாமல் அளந்தேன். அளந்ததில் கிணறு என் பக்கம் வந்தது. அவள் அதை இன்றுவரை அளவு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொழிற்சாலைகள் எப்போதோ உப்பாக்கிவிட்டன, வாளி விட்டு யாரும் இறைப்பதில்லை என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை. தம்பிக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை. எதைக் கேட்டாலும் தனக்குச் சம்பந்தம் இல்லை என்பான்.

கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம். மற்ற வீடுகளில் அது எப்போதோ போய்விட்டது. இவள் விடவில்லை. மரியாதைக்காகத் தொடங்கியதைச் சண்டைக்குப் பின் ஆயுதமாக வைத்துக்கொண்டாள். நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் என் மனைவியிடம் சொல்லித்தான் என்னிடம் கேட்பாள். பத்தொன்பது வருடமாக இப்படி. நானும் என் மனைவி வழியாகவே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். சண்டை போட இது வசதியான ஏற்பாடு. இரண்டு பக்கமும் சொன்னதை நடுவில் இருப்பவள் இனிப்புத் தடவித் தருவாள், இரண்டு பேருக்கும் அது போலி என்று தெரியும்.

அவள் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் பல வருடம் இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, கூடவே தைத்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு, ஊர்க் கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் சாயம் போட ஆரம்பித்தாள். ஷூவின் உள்ளே வைக்கும் ஆட்டுத்தோலுக்கு ரசாயனம் இல்லாத நிறம். ஜவ்வாது மலையில் கபில மரம் என்று ஒன்று உண்டு. அதன் சிறிய பழத்தின் மேல் சிவப்பாகப் பொடி படிந்திருக்கும். மலைக்காரர்கள் பழத்தைக் கூடையில் போட்டுக் குலுக்கி அந்தப் பொடியை எடுப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் குடற்புழுவுக்குக் கொடுப்பதும் அதுதான். அதைக் காய்ச்சித் தோலில் ஏற்றினால் பழுத்த ஆரஞ்சு நிறம் வரும். நல்ல நிறம் என்பதை நான் மறுக்கவில்லை. அவளிடம் சொன்னதும் இல்லை.

மே மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வெளிநாட்டு ஷூ கம்பெனி ஒன்று அவள் நிறத்தைக் கேட்டிருக்கிறது. சாயம் ஏற்றிய தோலோடு பொடியையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே சோதித்துப் பார்க்க. பார்த்து, பிடித்தால் அடுத்த சீசனில் வாங்கப்போகும் நிறங்களின் பட்டியலான கலர் கார்டில் ஏற்றுவார்கள். கார்டு ஜூன் முப்பதாம் தேதி மூடப்படும். ஆனால் பொடிப் பெட்டி அந்த நாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறது. மீன் என்கிறார்கள்.

என் மனைவி அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “மீனுங்கிறாங்களாம்.”

காதில் விழுந்தது என்றேன்.

“அக்கா, கலர் கார்டுல ஏறலன்னா நாங்க ஆறு பேரும் திரும்ப லைனுக்கேதான் போவணும்னு சொல்லுங்க. சூப்பர்வைசரு அன்னிக்கே சொல்லி அனுப்பிச்சான், போய்ட்டு வாங்கம்மா, மெஷின் இங்கயேதான் இருக்கும்னு.”

பொடிக்குப் படிவத்தில் என்ன பெயர் எழுதினீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கையில் இருந்த தாளை என் மனைவியிடம் நீட்டினாள், அது என்னிடம் வந்தது. மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ். பெயர் சரி. கல்லூரியில் அந்த இலையை அழுத்திக் காயவைத்து ஒட்டியிருக்கிறேன். மல்லோட்டஸ் என்ற அதே பேரினப் பெயர் வடகோடிக் குளிர்கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சாண் நீள மீன் ஒன்றுக்கும் உண்டு. அந்த நாட்டுக் கணினி முதல் சொல்லைப் படித்துவிட்டு இரண்டாவது சொல்லுக்குப் போகவில்லை. எனக்கு அப்போது உண்டானது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இதற்கு விதி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது அவளுக்கும் தெரிந்துதான் வந்திருக்கிறாள், வேறு வழியில்லாமல்.

அவளுடைய ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவன் பைபாஸ் சாலையில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறான். என் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தவன். நான் எழுதியதைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போது கீழே நாலு பேர். நான் போனதும் எழுந்து நின்றான், உட்காரச் சொல்ல மறந்துவிட்டான்.

“அங்க கம்ப்யூட்டரு மீன்பிடிச் சான்று கேக்குது சார், எந்தப் போட்டுல புடிச்சதுன்னு. குடுத்துட்டா வுட்டுடும்.”

இது மீன் இல்லை என்றேன்.

“அது நமக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியாதே.”

முதலில் அனுப்பிய விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னேன். திரையைத் திருப்பினான். பொருளின் வகை என்ற இடத்தில் விலங்கு, தாவரம் என்று இரண்டு வட்டங்கள். விலங்கு தேர்வாகியிருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அறிவியல் பெயர் என்று கேட்டாலே தோல்தானே, கை தானாகப் போய்விட்டது என்றான். மாற்று என்றேன். அனுப்பிய பிறகு பூட்டிவிடும், அங்கிருந்துதான் திறக்க முடியும் என்றான்.

விதியை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவனிடம் வேலை பார்க்கும் நாலு பேரும் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முழுவதையும் கேட்டு முடித்தவன், மேசை மேல் இருந்த என் தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தான்.

“நீங்க ரிட்டையர் ஆனப்ப சால்வை போட்டோமே சார், அதுலயே இந்த ரூலயும் சேத்து மடிச்சி வெச்சிருக்கணும். ரூல் உங்க கிட்ட பேசும். கம்ப்யூட்டர் கிட்ட பேசாது.”

நாலு பேரில் ஒருத்தி சிரித்தாள். நான் படியிறங்கி வந்தேன்.

அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் விதி. இரண்டாவது பக்கத்தில் மரமும் மீனும்: ஒன்று மலைச் சரிவில் நிற்பது, மற்றது பனிக்கடலில் நீந்துவது, இரண்டும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு இல்லை. மூன்றாவது பக்கத்தில் எடுத்துக்காட்டுகள். பேரினப் பெயர் மட்டுமல்ல, இரண்டு சொல்லும் அப்படியே ஒன்றாக இருப்பவைகூட உண்டு. ஃபைகஸ் வேரிகேட்டா என்பது ஓர் அத்தி மரம். அதே ஃபைகஸ் வேரிகேட்டா ஒரு கடல் நத்தை. அந்த மரத்திடம் இதுவரை யாரும் நத்தை ஓட்டைக் காட்டச் சொல்லவில்லை என்று எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்க் காபி குடித்தேன். நாலாவது பக்கத்தில் எங்கள் தரப்புத் தவறான வட்டத்தையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, வகையைத் திருத்தக் கோரியிருந்தேன். விண்ணப்பதாரர் அவள், தொடர்பு முகவரி என்னுடையது.

கையெழுத்துக்காக வந்தவள் படித்துப் பார்க்கவில்லை. எங்கே போட வேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டாள், போட்டாள், போய்விட்டாள். மனு முறைப்படி அனுப்பப்பட்டது: நகல் அந்த நாட்டு இறக்குமதியாளருக்கு, நகல் சென்னையில் இருக்கும் ஏற்றுமதி அலுவலகத்துக்கு. கிடைத்தது என்று ஒரு எண்ணோடு கணினி உடனே சொன்னது. அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து நினைவூட்டல் அனுப்பினேன். அதன் பிறகு ஒரு வாரத்தில் இன்னொன்று. ஜூன் பாதி போயிருந்தது. அவள் வந்தாள், இந்தமுறை உட்காரவில்லை.

“அக்கா, மாமா அனுப்புன லெட்டரு நீந்திப் போவுதான்னு கேளுங்க. மீனு லெட்டருதான, பொறுமையா போவும்.”

இரண்டு நினைவூட்டல் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

“ரிமைண்டர காய்ச்சி தோலுக்குச் சாயம் ஏத்த முடியுமான்னும் கேளுங்க.”

என் மனைவி இதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஜூன் கடைசி வாரத்தில் சுவருக்கு மேல் ஒரு மைசூர்பாகு டப்பா வந்தது. பெட்டியை விட்டுவிட்டார்களாம், நிறம் கார்டில் ஏறிவிட்டதாம், ஆகஸ்டில் முதல் சரக்கு போகிறதாம், ஐந்து பீப்பாய் பொடி. தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்திருக்கிறாள். என் மனுதான் வேலை செய்தது என்று நினைத்தேன். அரை மணி நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு துண்டு தின்றேன். விதி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். பைபாஸ்காரனுக்கும் தெரியட்டும் என்று போன் செய்தேன்.

அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. மீன்பிடிச் சான்றை அவன் நிரப்பிக் கொடுத்திருக்கிறான். அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒன்பது நாளில் பெட்டி வெளியே வந்துவிட்டது.

“போட்டு பேரு இன்னா குடுத்தேன் தெரியுமா சார்? உங்க தம்பி சம்சாரம் பேருதான். புடிச்ச எடம் வங்காள விரிகுடா. எதுல புடிச்சதுன்னு கேட்டுது, வலைன்னு போட்டேன். அதுல பொய் இல்ல சார், மலையில பழம் உதுக்க கீழ வலதான விரிக்கிறாங்க.”

அந்த மீன் வங்காள விரிகுடாவைக் கண்ணால் கண்டதில்லை. இந்தச் சூட்டில் அரைநாள் தாங்காது. அங்கே உட்கார்ந்து சான்றைச் சரிபார்த்தவனுக்கு அதுவும் தெரியவில்லை, அல்லது அவனும் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டான். மரத்தை மரம் என்று சொன்ன நாலு பக்கத்துக்குப் பதில் இல்லை. மீன் என்று சொன்ன ஒரு பக்கத்துக்கு ஒன்பது நாள்.

என் மனு அங்கே உயிரோடு கிடந்தது. அதை யாராவது படித்தால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். விளங்கிக்கொண்ட முதல் ஆள் என் மனைவி. அவள் படித்தது எட்டாம் வகுப்பு. வாபஸ் வாங்கிவிடுங்கள், அவள் பிழைப்பு என்றாள். வாபஸ் வாங்குவது ஒரு வரி வேலை: எண்ணைக் குறிப்பிட்டு, மேற்கண்ட மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத வேண்டும். பார்க்கலாம் என்றேன். பதினைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான மனுவை எதற்காகத் திரும்பப் பெற வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. தெருவே மைசூர்பாகு தின்றது, அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

ஜூலையில், என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தம்பி மனைவி வந்து வாசற்படியில் நின்றாள். நடுவில் வைத்துப் பேச ஆள் இல்லை. திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தாள்.

“மாமா. அந்த மனுவ நிறுத்திடுங்க.”

பத்தொன்பது வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பொய்ச் சான்றில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன்.

“நான்தான் போட்டேன். எனக்கு மீனும் தெரியாது, மரத்துக்கு இன்னா பேருன்னும் தெரியாது. தேதி தெரியும். ஜூன் முப்பது. உங்க லெட்டர அப்புறம் படிச்சிப் பாத்தேன் மாமா. நாலு பக்கம். எல்லாம் எழுதியிருக்கீங்க, அந்தத் தேதி மட்டும் எங்கயும் இல்ல.”

  கொட்டகையின் ஐந்து பெண்களில் இரண்டு பேர் வீட்டில் அவர்கள் சம்பளம் மட்டும்தான் என்றாள். கெஞ்சுகிற குரலில் அல்ல. எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைத் தெரிவிக்கிற குரலில். போய்விட்டாள்.

நகலை எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கத்தையும் இரண்டு முறை பார்த்தேன். தேதி இல்லை. அத்தி மரம் இருந்தது, கடல் நத்தை இருந்தது. அவசரம் என்று கோர அந்த நாட்டுப் படிவத்திலேயே தனி இடம் உண்டு. அதைக் காலியாக விட்டிருந்தேன்.

அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது. அன்று மாலையே திரும்பப் பெறும் கடிதத்தைத் தயாரித்தேன். மனைவி அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தாள். அந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று விதியிலேயே இருக்கிறது. நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன், சென்னை அலுவலகம் வழியாக. ஏன் இப்படி என்று மனைவி கேட்டாள். மனுவின் நகல் சென்னைக்குப் போயிருக்கிறது, வாபஸும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும், அதுதான் முறை என்றேன். சென்னை அலுவலகத்தில் ஒரு தபால் எத்தனை நாள் மேசையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருடம் அவர்களுக்கு எழுதியவன்.

ஆகஸ்டில் ஐந்து பீப்பாய் கபிலப் பொடி போயிற்று. கொட்டகையிலிருந்து லாரி கிளம்பும்போது ஆறு பேரும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்களாம். படிவத்தில் அதற்கும் அதே படகு.

பிறகு பதில் வந்தது. நான் பார்த்ததிலேயே ஒழுங்கான பதில். என் நாலு பக்கத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறார். நான் சொன்ன கோட்பாடு சரி, மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் தாவரமே, பட்டியலில் மரமும் மீனும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன, அத்தி மரத்தையும் நத்தையையும்கூடச் சரிபார்த்துத் திருத்திவிட்டோம், சுட்டிக்காட்டியதற்கு நன்றி. இவ்வளவும் முதல் இரண்டு பத்தி. மூன்றாவது பத்தியில், இதன் அடிப்படையில் இதே ஏற்றுமதியாளர் இதே பொருளுக்குக் கொடுத்த மீன்பிடிச் சான்று உண்மையாக இருக்க முடியாது. வந்துகொண்டிருக்கும் சரக்கு துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்படும். விளக்கம் ஏற்கப்படும் வரை இவரிடமிருந்து எதுவும் அனுமதிக்கப்படாது. நகல் இறக்குமதியாளருக்கு. வாபஸ் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது போய்ச் சேரவே இல்லை.

இறக்குமதியாளர் விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் நிறத்தைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பைபாஸ்காரன், படிவத்தில் இருப்பது அவள் கையெழுத்து, தன்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டானாம். அடுத்த திங்கட்கிழமை காலை ஷூ கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். ஆறு பேரும் வரிசையாக ஏறினார்கள். முதலில் ஏறியவள் அவள். என்னைப் பார்த்தாள், பார்க்காதவள் போலத் திரும்பவில்லை.

பதில் கடிதத்தை என் மனைவி கிழிக்கச் சொன்னாள். நான் கிழிக்கவில்லை, கோப்பில் சேர்த்தேன். வந்த தாள் எதுவானாலும் வந்த தேதியை மேல் மூலையில் பென்சிலால் குறிப்பது என் வழக்கம். குறித்தேன்: செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை.